மலாய் மொழிக்கு வாய்த்த முன்ஷி

மலாய் மொழி பேசும் ஒருவரின் அன்றாட உரையாடலைச் சற்றுக் கூர்ந்து கேட்டால், தமிழர் செவிக்குப் பழகிய ஒலிகள் ஆங்காங்கே தட்டுப்படும். அவர் பொருள் வாங்கச் செல்லும் இடம் 'கெடை'. அது நம் கடை. உறங்கும் கட்டில் 'காத்தில்'. துணி வைக்கும் பெட்டி 'பெத்தி'. கடலில் செல்லும் கப்பல் 'காப்பல்'. வணிகத்தில் போடும் முதல் 'மோடல்' ஆயிற்று. பத்திரத்தில் பதிக்கும் முத்திரை 'மெத்தரை' ஆயிற்று. நாம் நாள்தோறும் நூறு முறை சொல்லும் 'சும்மா'கூட, 'மட்டும்' என்னும் பொருளில் 'சுமா'வாக அங்கே வாழ்கிறது.

சொற்கள் தாமாகப் பயணம் செய்வதில்லை. அவற்றைச் சுமந்து செல்ல மனிதர்கள் வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு கடல் கடந்த வணிகர்களும் மாலுமிகளும் மார்க்க அறிஞர்களும் சரக்கோடு சொல்லையும் ஏற்றிச் சென்றனர். அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்த ஒருவர் மலாய் மொழியின் வரலாற்றையே திசை திருப்பினார். முன்ஷி அப்துல்லா என்று உலகம் அறிந்த அப்துல்லா பின் அப்துல் காதிர்தான் அவர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவரும், அந்தப் பட்டத்துக்கு உரியவர்தானா என்று இன்றளவும் விவாதிக்கப்படுபவரும் அவரே.

அப்துல்லாவின் முப்பாட்டனார் யேமன் நாட்டிலிருந்து வந்த அரபு ஆசிரியர். மொழியும் மார்க்கமும் கற்பித்தபடி நாகூருக்கு வந்து, அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்துகொண்டார். அவருடைய மகன்களில் ஒருவர் மலாக்கா சென்று, பெரியாச்சி என்ற பெண்ணை மணந்தார். பெரியாச்சியின் தந்தை பெயர் ஷேக் மீரா லெப்பை. இந்தப் பெயர்களே அக்குடும்பத்தின் மொழியைச் சொல்லிவிடும். அவர்களின் பேரனாக, 1796-இல், மலாக்காவின் கம்போங் பாலி என்ற பகுதியில் அப்துல்லா பிறந்தார். அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் எல்லாம் இளம் வயதிலேயே இறந்துவிட, எஞ்சிய பிள்ளை அவர். உடலும் வலுவற்றது.

அன்றைய மலாக்கா ஒரு விந்தையான ஊர். 1511-இல் போர்ச்சுகீசியர் பிடித்தனர். 1641-இல் டச்சுக்காரர் பிடித்தனர். அப்துல்லா பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1795-இல், ஆங்கிலேயர் பிடித்தனர். ஒவ்வோர் ஆட்சியும் தன் சொற்களை மலாயில் விட்டுச் சென்றது. மேசை அங்கே 'மேஜா', அலமாரி 'அல்மாரி', சன்னல் 'ஜென்டேலா'. இவை மூன்றும் போர்ச்சுகீசியத்திலிருந்து தமிழுக்கும் வந்தவை. ஒரே கப்பலில் வந்த சரக்கு இரு துறைமுகங்களில் இறங்கியதுபோல. அதற்கும் முன்பே சம்ஸ்கிருதமும் அரபும் மலாயில் ஆழ வேரூன்றியிருந்தன. மொழியைக் குறிக்கும் 'பஹாசா'வும் கணவனைக் குறிக்கும் 'சுவாமி'யும் சம்ஸ்கிருதம் தந்தவை. நூலைக் குறிக்கும் 'கித்தாப்' அரபு தந்தது. சுமத்ராவில் கிடைத்த, கி.பி. 683-ஆம் ஆண்டைச் சேர்ந்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு, மலாய் மொழியின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. அது பல்லவர் எழுத்து முறையில் பொறிக்கப்பட்டது. பின்னர் இஸ்லாம் பரவியபோது மலாய் அரபு எழுத்தை ஏற்று, ச, ங, ப, ஞ போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துத் தனி எழுத்துகளை உருவாக்கிக்கொண்டது. அந்த எழுத்து முறைக்கு ஜாவி என்று பெயர். தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அர்வி முறையை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இத்தகைய ஊரில் பன்மொழி அறிவு என்பது புலமைக்கான அலங்காரமல்ல, பிழைப்புக்கான கருவி. அப்துல்லாவின் தந்தை அப்துல் காதிர் இதை நன்கு உணர்ந்தவர். மகனுக்கு முதலில் திருக்குர்ஆன் ஓதக் கற்பித்தார். பிறகு தமிழ் பயில ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். மலாக்காவின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். கணக்கு எழுதவும், துறைமுகத்தில் நிறைந்திருந்த தமிழ் வணிகர்களோடு பேசவும் தமிழ் இன்றியமையாததாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அப்துல்லா தமிழ் பயின்றார். அதன் பின்னரே மலாய் மொழியை முறையாகக் கற்கத் தொடங்கினார்.

தந்தை மிகக் கண்டிப்பானவர். எழுத்தில் ஒரு பிழையைக்கூடப் பொறுக்கமாட்டார். பாராட்டு என்பது அவர் வாயிலிருந்து வராது. ஒருநாள் தந்தை வீட்டில் இல்லாத வேளையில், கப்பல் தலைவர் ஒருவர் கடன் பத்திரம் எழுதுவதற்காக அவரைத் தேடி வந்தார். காத்திருந்தவரின் அவசரத்தைக் கண்ட சிறுவன், தானே அந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தான். திரும்பி வந்த தந்தை மகனிடம் எதையும் வெளிக்காட்டிக்கொள்ளவில்லை. ஆனால், அன்று முதல் எழுத்து வேலைகள் பையனிடம் வரத் தொடங்கின. மலாக்காக் கோட்டையில் இருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்குக் குர்ஆன் கற்றுக்கொடுத்து, பதிலுக்கு அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். ஆசிரியர் என்ற பொருளில் அந்தச் சிப்பாய்கள் அழைத்த 'முன்ஷி' என்ற பெயரே பின்னாளில் அவருடைய பெயரின் பகுதியாக நிலைத்தது.

1807-இல், போர்ச்சுகீசியர் கட்டிய மலாக்காக் கோட்டையை ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஃபார்குவர் வெடி வைத்துத் தகர்த்தார். அப்போது அப்துல்லாவுக்கு வயது பதினொன்று. யானை அளவும் வீடு அளவும் கொண்ட மதில் துண்டுகள் வானில் எழுந்து கடலில் விழுந்த காட்சி அவர் மனத்தில் பதிந்துவிட்டது. அழிக்க முடியாதது என்று ஊரே நம்பிய ஒன்று ஒரு நொடியில் இல்லாமல் போவதைச் சிறுவயதில் கண்ட அந்த அனுபவம், கண்டதைக் கண்டவாறே எழுதிவைக்க வேண்டும் என்ற அவருடைய பிற்கால வேட்கைக்கு விதையாக இருந்திருக்கலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் மலாக்கா வந்தார். 1811-இல் ஜாவா மீது படையெடுப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டே மலாய்ச் சுவடிகளையும் திரட்டினார். ஓலையாகவும் தாளாகவும் கிடைத்தவற்றை விலைக்கு வாங்கினார். விற்க மனமில்லாதவர்களிடம் இரவல் பெற்றுப் படியெடுக்கச் செய்தார். அந்தப் படியெடுப்போர் கூட்டத்தில் வயதில் இளையவராக அப்துல்லாவும் அமர்ந்திருந்தார். மலாய் மன்னர்களுக்குச் சென்ற கடிதங்கள் அவர் கைப்பட எழுதப்பட்டன. ஒரு மொழியின் பழைய செல்வத்தை வரி வரியாகப் படியெடுத்த அந்த மாதங்களே அவருக்கு உயர்கல்வி ஆயின. ஆனால், அப்படித் திரட்டப்பட்டவற்றில் பெரும்பகுதி மலாய் மக்களுக்கும் மிஞ்சவில்லை, திரட்டியவருக்கும் மிஞ்சவில்லை. 1824-இல் ராஃபிள்ஸ் தாயகம் திரும்பப் புறப்பட்ட கப்பல் சுமத்ரா கரைக்கு அருகே தீப்பற்றி எரிந்தபோது, சுவடிகளும் சாம்பலாயின. அச்செய்தி கேட்டு அப்துல்லா அடைந்த துயரம் பெரிது. கையெழுத்துப் படியாக மட்டும் வாழும் ஒரு மொழி எவ்வளவு எளிதில் அழியக்கூடும் என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

அதற்கான மாற்று மருந்து அவர் கையில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1815-இல் மலாக்கா வந்த வில்லியம் மில்ன் போன்ற கிறிஸ்தவ ஊழியர்கள் அவரிடம் மலாய் கற்றனர். அவர்களிடம் அப்துல்லா ஆங்கிலம் கற்றார். மெதர்ஸ்ட் என்பவரிடம் எழுத்துக் கோக்கவும் அச்சிடவும் பழகினார். நற்செய்தி நூல்களை மலாயில் பெயர்க்கவும் உதவினார். இதற்காக ஊரார் அவரைப் பாதிரி அப்துல்லா என்று ஏளனம் செய்தனர். ஆனால், இறுதிவரை அவர் தொழுகை தவறாத முஸ்லிமாகவே வாழ்ந்தார். மொழிபெயர்ப்பு மேசையில் அவருக்கு நேர்ந்த துன்பம் வேறு வகையானது. சில ஊழியர்கள் ஆங்கில வாக்கியத்தை அப்படியே மலாய்ச் சொற்களில் அடுக்க விரும்பினர். அப்படிச் சொன்னால் மலாய்க்காரர் எவருக்கும் விளங்காது என்று இவர் வாதிட்டார். சம்பளம் கொடுப்பவரோடு மொழியின் பொருட்டு மல்லுக்கு நிற்பது அக்காலத்தில் சிறிய செயல் அல்ல.

1819-இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைந்த பிறகு, அப்துல்லா அங்கே மொழிபெயர்ப்பாளராகவும் கடிதம் எழுதுபவராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அலைந்த வாழ்க்கை அது. 1830-இல் சிங்கப்பூரில் மூண்ட பெருந்தீ அவருடைய உடைமைகளையும் விழுங்கியது. அந்த அழிவை அவர் ஒரு நெடுங்கவிதையாக எழுதினார். மன்னர்களையும் காதலர்களையும் தொன்மங்களையும் பாடிவந்த 'ஷாயிர்' என்ற மலாய்ப் பாவகை, தெருவில் நடந்த தீ விபத்தைப் பேசியது. 1835-இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். கணக்கு எழுதுவதற்காகத் தந்தை படிக்கவைத்த தமிழ், ஓர் இலக்கியப் பாலமாக மாறியது இப்படித்தான்.

1838-இல் சிங்கப்பூர் வணிகர்களின் சரக்குகள் கிளந்தானில் நடந்த உள்நாட்டுப் போரில் சிக்கிக்கொண்டன. ஆளுநரின் கடிதத்தைக் கொண்டு சென்ற குழுவில் அப்துல்லாவும் இருந்தார். வழியில் பகாங், திரங்கானு ஆகிய நாடுகளைக் கண்டார். திரும்பி வந்து எழுதிய பயண நூல் மலாய் உரைநடையில் புதிய வாசலைத் திறந்தது. நிலவளம் இருந்தும் மக்கள் வறுமையில் உழல்வது ஏன் என்று அந்நூல் கேட்டது. உழைத்துச் சேர்ப்பதை அரசன் பறித்துக்கொள்வான் என்றால் எவன் உழைப்பான் என்பது அவர் கண்ட விடை. மன்னரை வாழ்த்தித் தொடங்கி வாழ்த்தி முடிக்கும் மரபுள்ள ஒரு மொழியில், மன்னரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய எழுத்து அது.

அவருடைய தன்வரலாறான 'ஹிக்காயத் அப்துல்லா' 1843-இல் நிறைவுற்று, 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. அதற்கு முன் மலாய் நூல்கள் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் அற்றவை. அப்துல்லாவோ நூலின் நடுவில் தன்னையே நிறுத்தினார். நான் பிறந்தேன், நான் கண்டேன், நான் அஞ்சினேன், நான் தவறினேன் என்று ஒரு சாதாரண மனிதன் தன் வாழ்வை எழுதத் தகுந்த பொருளாகக் கருதியது அம்மொழியில் பெரும் புரட்சி. சிங்கப்பூரில் அடிமைப் பெண்கள் விற்கப்பட்ட கொடுமையும், சீனர்களின் இரகசியச் சங்கமும், ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த, எவராலும் படித்தறிய முடியாத பழங்கல்வெட்டை ஆங்கிலேயப் பொறியாளர்கள் 1843-இல் உடைத்தெறிந்த அவலமும் அதில் பதிவாகியுள்ளன. ஒளிப்படக் கருவியை முதன்முதலாகக் கண்ட வியப்பும் உண்டு.

புதியனவற்றைச் சொல்ல மலாயில் சொல் இல்லையே என்று அவர் தயங்கவில்லை. நீராவிக் கப்பலைப் பற்றித் தனியே எழுதியபோது, அதைப் புகைக் கப்பல் என்னும் பொருளில் 'காப்பல் ஆசாப்' என்றார். தமிழிலிருந்து வந்து மலாயாகவே ஆகிவிட்ட சொல்லும் மண்ணின் சொல்லும் இணைந்து, நீராவி யுகத்தை வரவேற்றன. மலாய் இயல்பாகவே அப்படிச் சொல் கட்டும் மொழி. கண்ணும் நீரும் சேர்ந்து நமக்குக் கண்ணீர் ஆவதுபோல, நீரும் கண்ணும் சேர்ந்து அவர்களுக்கு 'ஆயர் மாத்தா' ஆகிறது. பகலின் கண் என்பதே சூரியனைக் குறிக்கும் 'மாத்தாஹாரி'. காட்டு மனிதன் என்ற பொருள்கொண்ட 'ஓராங் ஹுத்தான்' உலக மொழிகள் பலவற்றிலும் ஒரு விலங்கின் பெயராக நுழைந்துவிட்டது.

இவ்வளவு வளமான மொழியை அதன் மக்கள் கற்கவில்லை என்பதே அப்துல்லாவின் வாழ்நாள் மனக்குறை. அவர் காலத்தில் மலாய்ப் பிள்ளைகள் அரபில் குர்ஆன் ஓதக் கற்றனர். பலருக்குப் பொருள் தெரியாது. மலாய் மொழியைக் கற்பிக்கப் பள்ளி இல்லை. ஏன் என்று கேட்டால், அதுதான் எங்கள் சொந்த மொழியாயிற்றே, அதைக் கற்க என்ன இருக்கிறது என்ற விடையே வந்தது. உலகில் மற்ற இனத்தார் எல்லாம் தம் மொழியை முயன்று பயின்று வளர்க்கும்போது, மலாய்க்காரர் மட்டும் அதைக் காற்றைப்போல இலவசமாகக் கிடைத்தது என்று விட்டுவிட்டனரே என்று அவர் வருந்தினார். வீட்டில் பேசுவதாலேயே ஒரு மொழி நமக்குத் தெரிந்துவிட்டது என்று நினைப்பது மயக்கம் என்பதை அவர் அறிந்திருந்தார். அதை அறிந்துகொள்ள, மலாயைக் கற்றுத் தேர்ந்த ஒருவராலேயே முடிந்தது.

அப்துல்லாவின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. ராஃபிள்ஸ் மீது அவருக்கு இருந்த பக்தியில் ஆய்வு குறைவு. மலாய் மன்னர்களின் கொடுமையைக் கண்ட அதே கண்கள், ஆங்கிலேய வணிகக் கும்பினியின் பேராசையைக் காணத் தவறின. நாட்டின் விடுதலை உணர்வு வளர்ந்த காலத்தில் பிற்காலத் திறனாய்வாளர்கள் அவரை ஆங்கிலேயரின் ஆள் என்று சாடினர். அவருடைய மலாய் நடையில் தமிழ்ச் சாயல் உண்டு என்றும், அது தூய மலாய் அன்று என்றும் சொன்னவர்கள் உண்டு. மலாய்க்காரர் அல்லாத ஒருவர் மலாய் இலக்கியத்துக்கு எப்படித் தந்தை ஆவார் என்ற கேள்வியும் அவரைத் துரத்துகிறது.

முதல் குற்றச்சாட்டில் உண்மை உண்டு; அதை மறைக்கத் தேவையில்லை. இறுதிக் கேள்விக்கு மட்டும் அவருடைய வாழ்க்கையே விடை சொல்கிறது. யேமனும் நாகூரும் மலாக்காவும் கலந்த குருதி அவருடையது. அரபு, தமிழ், இந்துஸ்தானி, ஆங்கிலம் என எதில் வேண்டுமானாலும் அவர் தன் பெயரை நிறுவ முயன்றிருக்கலாம். தன் வாழ்வைச் சொல்ல அவர் தேர்ந்துகொண்டது மலாய். ஒரு மொழி யாருக்குச் சொந்தம் என்பதைப் பிறப்புச் சான்றிதழ் தீர்மானிப்பதில்லை. அதற்காகக் கண்விழித்தவர்களின் கணக்கேட்டில் அந்த உரிமை எழுதப்படுகிறது. தமிழுக்காகத் தேய்ந்த வீரமாமுனிவரை அயலார் என்று ஒதுக்காத நமக்கு இது எளிதில் விளங்கும்.

1854-இல் அப்துல்லா ஹஜ் பயணமாகச் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டார். வழி நெடுகக் குறிப்புகள் எழுதினார். குமரி முனையைக் கடக்கும்போது எழுந்த பேரலைகள் கப்பலை அலைக்கழித்தன. முன்னோர் புறப்பட்ட நிலத்தின் ஓரமாக, அவர்கள் வந்த திசைக்கு எதிராக, அந்தக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. அரபு மண்ணை அடைந்தவர், கடமைகளை நிறைவு செய்வதற்கு முன்பே காலமானார். குறிப்புகள் பாதியில் நின்றன. உடன் சென்றவர்கள் அவற்றைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். அவரிடம் மலாய் பயின்ற நில அளவை அதிகாரி ஜான் டர்ன்புல் தாம்சன், தன்வரலாற்றின் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1874-இல் வெளியிட்டார். மகன் முகம்மது இப்ராகிம் ஜோகூர் அரசில் முன்ஷியாக உயர்ந்து, தானும் பயண நூல் எழுதினார்.

அப்துல்லா மறைந்து 74 ஆண்டுகள் கழித்து, 1928-இல், இந்தோனேசிய இளைஞர் மாநாடு மலாய் மொழியின் ஒரு வடிவத்தையே தம் ஒற்றுமை மொழியாக அறிவித்தது. இன்று மலேசியா, இந்தோனேசியா, புருனே, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளிலும் அம்மொழி அரசுச் சிறப்புப் பெற்று, 20 கோடிக்கும் மேற்பட்டோரால் பேசப்படுகிறது. பள்ளிகளில் பயிற்றுமொழியாகவும் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பொருளாகவும் அது வளர்ந்துவிட்டது. மலாயைக் கற்பிக்கப் பள்ளி இல்லையே என்று ஏங்கிய மனிதர் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

சொந்த மொழியைக் கற்க என்ன இருக்கிறது என்று அவர் காலத்து மலாக்காவில் கேட்கப்பட்ட கேள்வி, இன்று தமிழ்நாட்டு வீடுகளிலும் வேறு சொற்களில் கேட்கிறது. தமிழைத்தான் வீட்டில் பேசுகிறானே, பள்ளியில் வேறு ஏன் என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. நாகூர்க் குடும்பத்தின் கொள்ளுப்பேரன் ஒருவர் அந்தக் கேள்விக்கு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, இன்னொரு மொழியில் விடை எழுதிவைத்துச் சென்றிருக்கிறார்.